‘எல்’ அட்டையிலிருந்து ‘பி’ அட்டை வரை: தங்காக்கில் வாகனமோட்டக் கற்கும் பதினேழு வயது

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், லேடாங் மலையின் அடிவாரத்தில் அமைந்த தங்காக் நகரில் பதினேழு வயதை எட்டும் பிள்ளைக்குப் பெரும்பாலான குடும்பங்களில் இரண்டு காரியங்கள் காத்திருக்கின்றன; ஒன்று ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு, மற்றொன்று காடி லைசென்ஸ் என்று வீட்டுப் பேச்சில் வழங்கும் கார் ஓட்டும் உரிமம். தேர்வு முடிந்து முடிவு வெளிவரும்வரை கிடைக்கும் சில மாத இடைவெளியில், கடைகளில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு பெற்றோர் கொடுப்பதையும் சேர்த்து, ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும் கட்டணத்தைக் கட்டி வாகனமோட்டும் பயிற்சிக் கழகத்தில் பதிந்துகொள்வது இங்கு ஒரு குடும்பச் சடங்கைப் போலவே நடந்துவருகிறது.

இதற்கு அடிப்படையான காரணம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. 2008ஆம் ஆண்டில் மூவார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு லேடாங் மாவட்டம் என்று பெயர்பெற்று, 2015ஆம் ஆண்டில் தங்காக் மாவட்டம் எனப் பெயர் மாற்றப்பட்ட இந்தப் பகுதியில், சாகில், பெக்கோ போன்ற தோட்டப்புறங்களும், புக்கிட் கம்பீர், சுங்கை மத்தி போன்ற சிற்றூர்களும் ஒன்றுக்கொன்று தள்ளியே கிடக்கின்றன. துணிக்கடைகளுக்குப் பெயர்போன தங்காக் நகரத்துக்கு வெளியூரார் காரில் வந்து போகிறார்கள் என்றாலும், உள்ளூர்ப் பிள்ளை கல்லூரிக்கோ, மூவார் வட்டாரத்து மரத்தளவாடத் தொழிற்சாலைக்கோ, மருத்துவமனைக்கோ போகவேண்டுமானால் பேருந்தை நம்பியிருக்க முடிவதில்லை. இந்நாட்டின் சாலைகளையும் இருப்புப் பாதைகளையும் அமைப்பதில் தமிழ்த் தொழிலாளர் சிந்திய உழைப்பு பெரிது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அதே சாலைகளில் சொந்தமாக வண்டியோட்டி வேலைக்குச் செல்லும் நிலையை எட்டியிருப்பது மகிழத்தக்க மாற்றம். ஒரு பெண்பிள்ளையின் கைக்கு உரிமம் வரும்போது அந்த வீட்டின் அன்றாடமே மாறிவிடுவதையும், தந்தையோ அண்ணனோ வேலை முடிந்து வரும்வரை காத்திருந்த பயணங்கள் காத்திருக்கத் தேவையில்லாமல் போவதையும் இங்கே தனியாகச் சொல்லத்தான் வேண்டும்.

மலேசியாவில் வாகனமோட்டும் உரிமத்தை வரையறுப்பது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதை நடைமுறைப்படுத்துவது ஜேபிஜே என்று மக்கள் அழைக்கும் சாலைப் போக்குவரத்து இலாகா. பதினாறு வயது நிறையாதவர் எந்த மோட்டார் வாகனத்தையும் சாலையில் ஓட்டக் கூடாது. பதினேழு நிறையும்வரை மோட்டார் சைக்கிள் மட்டும் ஓட்டலாம். லோரி போன்ற கனரக வாகனங்களுக்கு இருபத்தொரு வயது ஆகவேண்டும். கார் ஓட்ட விரும்புகிறவர் மூன்று படிகளைக் கடக்கிறார். முதலில் கிடைப்பது பயிலுநர் உரிமம். அதாவது ‘எல்’ அட்டை ஒட்டிய பயிற்சி வண்டியில், அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர் அருகில் அமர்ந்திருக்க மட்டுமே ஓட்ட அனுமதிக்கும் உரிமம். தேர்வுகளில் தேறியபின் வருவது, ஈராண்டுக் காலத்துக்கான தற்காலிக உரிமம். அந்தக் காலம் முழுவதும் காரின் முன்னும் பின்னும் ‘பி’ அட்டை இருக்கவேண்டும். அந்த ஈராண்டும் முறையாகக் கழிந்த பிறகே முழு உரிமம். இவற்றுள், கையால் கியர் மாற்றும் காருக்கு டி வகுப்பு, தானியங்கிக் கியர் உள்ள காருக்கு மட்டும் டிஏ வகுப்பு என இரு வகை உண்டு. புதிதாக விற்கப்படும் கார்களில் பெரும்பாலானவை தானியங்கிக் கியர் உடையவையாக இருப்பதால் டிஏ போதுமென்று எண்ணுவோர் பெருகிவருகிறார்கள். ஆனால் டிஏ வைத்திருப்பவர் கையால் கியர் மாற்றும் வண்டியைத் தொடக் கூடாது என்பதையும், லோரி, வேன் போன்றவற்றை ஓட்டும் வேலைகளை நோக்கும் இளைஞருக்கு டி வகுப்பே அடித்தளம் என்பதையும் பதிவதற்கு முன்பே யோசித்துவிடுவது நல்லது.

பயிற்சியின் தொடக்கம் வண்டியில் அல்ல, வகுப்பறையில். சாலைச் சட்டம், குறியீடுகள், வண்டியின் அடிப்படைப் பராமரிப்பு, விபத்தின் காரணங்கள் ஆகியவற்றை விளக்கும் ஒருநாள் வகுப்புக்குப் பிறகு, கணினி முன் அமர்ந்து ஐம்பது கேள்விகளுக்கு விடையளிக்கவேண்டும். அவற்றுள் நாற்பத்திரண்டேனும் சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. நிறங்களைப் பிரித்தறியும் திறனைச் சோதிக்கும் கேள்விகளும் அதில் அடக்கம். ஏனெனில் சமிக்ஞை விளக்கின் சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்த இயலாதவர் சாலையில் மற்றவருக்கும் தமக்கும் ஆபத்தாகிவிடுவார். இந்தத் தேர்வை மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் எழுதலாம் என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்கவேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளை தன் தாய்மொழியில் சாலை விதியைக் கற்று, தன் தாய்மொழியிலேயே தேர்வெழுதுவது அந்த விதி மனத்தில் ஊன்றுவதற்கு உதவும்.

அடுத்தது பயிற்சித் திடல். வளைவுகள், கோடுகள், கம்பங்கள், ஒரு செயற்கை மேடு ஆகியவை அமைந்த இந்தத் திடலில்தான் பிள்ளைகளின் வியர்வை உண்மையில் கொட்டுகிறது. அதிலும் கையால் கியர் மாற்றும் காரைத் தேர்ந்தவர்களை மிகுதியும் அச்சுறுத்துவது அந்த மேடுதான். மேட்டின் சரிவில் மஞ்சள் கோட்டால் குறித்த இடத்தில் காரை நிறுத்தி, பின்னோக்கி உருளவிடாமல், எஞ்சினை அணையவிடாமல் மீண்டும் நகர்த்தி மறுபுறம் இறக்கவேண்டும். இதில் உள்ள கடினம் என்ன என்பதைப் புரிந்துகொள்ளக் கிளட்ச் வேலைசெய்யும் விதத்தைச் சற்று அறிவது அவசியம். எஞ்சின் சும்மா ஓடும்போதும் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று அளவில் சுழன்றுகொண்டிருக்கிறது. நின்றிருக்கும் காரின் சக்கரமோ சுழலவே இல்லை. சுழலும் ஒன்றையும் சுழலாத ஒன்றையும் திடீரென இணைத்தால், சுழல்வது நின்றுபோகும். எஞ்சின் அணைவது இதனால்தான். இரண்டுக்கும் இடையே உராய்வுத் தட்டு ஒன்றை வைத்து, அதைச் சிறிது சிறிதாக உரசவிட்டு, சக்கரத்தின் சுழற்சியை எஞ்சினின் சுழற்சியோடு இணங்கச் செய்யும் பொறியே கிளட்ச். இடதுகால் மிதியைத் தளர்த்தத் தளர்த்த, ஓர் இடத்தில் தட்டு பற்றத் தொடங்கும்; அப்போது எஞ்சினின் ஒலி தாழும், காரின் முன்பகுதி இலேசாக நிமிரும், மிதியில் ஒரு நடுக்கம் தெரியும். பாதி கிளட்ச் என்று பயிற்றுநர்கள் சொல்லும் இந்த இடத்தைக் கால் கண்டுகொள்ளும்வரை எத்தனை முறை விளக்கினாலும் பயனில்லை. கண்டுகொண்டபின் விளக்கமே தேவையில்லை. மேட்டில் கை பிரேக்கை இழுத்து வைத்து, பாதி கிளட்ச் வந்ததும் எக்ஸலரேட்டரைச் சற்று அழுத்தி, கை பிரேக்கை விடுவிக்கும் மூன்று செயல்களும் ஏறத்தாழ ஒரே மூச்சில் நடக்கவேண்டும். புவியீர்ப்பு காரைப் பின்னால் இழுக்கும் விசையைவிடக் கிளட்ச் கடத்தும் விசை மிகும் கணத்தில் கை பிரேக் விடுபட்டால் கார் அமைதியாக ஏறும். முந்தினால் பின்னால் உருளும், பிந்தினால் எஞ்சின் திணறும்.

சாலையோரத்தில் இரு வண்டிகளுக்கு நடுவே நிறுத்துவதைப் போன்ற பக்கவாட்டு நிறுத்தம், குறுகிய இடத்தில் முன்னும் பின்னுமாக மூன்று நகர்வில் காரைத் திருப்புதல், அடுத்தடுத்து இரு கூர்ந்த திருப்பங்களைக் கொண்ட ‘இசட்’ வளைவு ஆகியவை திடலின் மற்றச் சோதனைகள். இவை யாவும் வண்டியின் அளவையும் அதன் நான்கு மூலைகளையும் இருக்கையிலிருந்தே உணரப் பழக்குகின்றன. வார இறுதியில் தங்காக்கின் துணிக்கடை வீதிகளில் காரை நிறுத்த முயலும் எவரும் இதன் அருமையை உணர்வார்கள்.

இறுதிப் படியான சாலைத் தேர்வில் ஜேபிஜே அதிகாரி அருகில் அமர, உண்மையான போக்குவரத்துக்கு நடுவே பிள்ளை வண்டியோட்டுகிறது. இருக்கைப் பட்டியை மாட்டுவது, கண்ணாடிகளைச் சரிசெய்வது, சந்திப்பில் நின்று இருபுறமும் பார்ப்பது, சமிக்ஞை காட்டியபின் திரும்புவது ஆகியவை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளப்படுகின்றன. இந்தத் தேர்வுக்கான தடங்கள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவை; பயிற்சியின்போது பிள்ளை அதே தடங்களில்தான் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பழகியிருக்கும். எந்தச் சந்திப்பில் நிற்கவேண்டும், எந்த மரத்தருகே கியரைக் குறைக்கவேண்டும் என்பது மனப்பாடம் ஆகிவிடுகிறது. தேர்வு இரவில் நடப்பதில்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நுழைந்து, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிகளோடு கலப்பதும் அதில் இல்லை. ஆகவே, இந்தத் தேர்வு சான்றளிப்பது வண்டியைக் கையாளும் திறனுக்குத்தான். சாலையைப் படிக்கும் திறனை அது தொட்டுக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. தேர்வு வீண் என்பதல்ல இதன் பொருள். தேறிய நாளில் பிள்ளை வாகனமோட்டி ஆகிவிட்டதாக வீட்டார் எண்ணிவிடுவதில்தான் தவறு தொடங்குகிறது.

சாலையைப் படித்தல் என்பது என்ன? புதிதாக ஓட்டுபவரின் கண், காரின் முகப்புக்குச் சற்று முன்னால் உள்ள தரையிலும், முன் செல்லும் வண்டியின் பின்புறத்திலும் ஒட்டிக்கொள்கிறது. நெடுநாள் ஓட்டியவரின் கண் தொலைவையும், பக்கங்களையும், கண்ணாடிகளையும் ஓயாமல் சுற்றிவருகிறது. கியர், கிளட்ச், ஸ்டீயரிங் ஆகியவற்றுக்கே கவனத்தின் பெரும்பங்கைச் செலவிடவேண்டியிருக்கும் காலத்தில், ஓரமாக நிற்கும் காரின் கதவு திறக்கப்போகிறதா, பள்ளி வாசலில் நிற்கும் சிறுவன் ஓடிவரப்போகிறானா என்பதையெல்லாம் எதிர்பார்த்துக் கணிக்க மனத்தில் இடம் இருப்பதில்லை. இடர்களை முன்னுணர்தல் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடும் இந்தத் திறன் வகுப்பில் மட்டும் வந்துவிடுவதில்லை. அனுபவம் மிக்க ஒருவர் அருகில் அமர்ந்து சுட்டிக்காட்டச் சுட்டிக்காட்ட, பலவகைச் சாலைகளில் ஓடிய தொலைவாலேயே பெரும்பாலும் வளர்கிறது. இதனோடு வயதும் சேர்கிறது. உந்துதலை அடக்கி, விளைவை எடைபோடும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு முதிர்ச்சி அடைகிறது. ஒத்த வயது நண்பர்கள் காரில் நிறைந்திருக்கும்போது இளம் வாகனமோட்டியின் துணிச்சல் அளவு மீறுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தங்காக் வட்டாரத்துப் பிள்ளைக்கு இந்தத் திறன் உடனடியாகத் தேவைப்படும் இடம் மூவாரையும் தங்காக்கையும் சிகாமட்டையும் இணைக்கும் கூட்டரசுச் சாலை. சாகிலைத் தாண்டி, மலையடிவாரத்தை ஒட்டி, செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவே செல்லும் அந்தச் சாலையில், செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது அன்றாட அனுபவம். கூட்டரசுச் சாலைகளில் பொதுவாக உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் லோரியை 90 கிலோமீட்டரில் முந்த நினைப்பவருக்கு, லோரியின் நீளம், அதற்கு முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி, காரின் நீளம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 65 மீட்டர் கூடுதலாகக் கடக்கவேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேக வேறுபாடு நொடிக்கு எட்டு மீட்டர்தான் என்பதால் அதற்கு எட்டு நொடி பிடிக்கும். அந்த எட்டு நொடியில் முந்துகிற கார் 200 மீட்டர் ஓடிவிடும். எதிரே அதே வேகத்தில் வரும் காரும் 200 மீட்டர் நெருங்கிவிடும். ஆக, 400 மீட்டர் தொலைவுக்கு எதிர்த்தடம் வெறுமையாகக் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே முந்தத் தொடங்கலாம். வளைவும் ஏற்றமும் உள்ள சாலையில் அவ்வளவு தொலைவு தெரியும் இடங்கள் மிகக் குறைவு. இரட்டைக் கோடு வரைந்து முந்தத் தடைசெய்திருப்பது அதனால்தான். பயிற்சிக் காலத்தில் இந்தக் கணக்கை எந்தப் பிள்ளையும் சாலையில் போட்டுப் பார்ப்பதில்லை. உரிமம் பெற்ற பின்னர், பக்கத்தில் எவரும் இல்லாத வேளையில், உண்மையான லோரிக்குப் பின்னால்தான் முதன்முதலாகப் போட்டுப் பார்க்கிறது. இதுவே இந்தப் பயிற்சி முறையின் ஆகப்பெரிய ஓட்டை.

வேகமும் நிறுத்தும் தொலைவும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை என்பதையும் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லவேண்டும். இடரைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகிறது என்று கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்பே கார் 25 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடித்தபின் காய்ந்த சாலையில் மேலும் 20 மீட்டர் போல ஓடும். வேகம் 90 ஆகும்போது பிரேக் பிடித்த பின்னான தொலைவு மட்டும் இரண்டு மடங்குக்கு மேலாகி, மொத்தம் 80 மீட்டரைக் கடந்துவிடும். பிற்பகலில் திடீரென்று கொட்டும் மழையில், டயருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்து பிடிமானத்தைக் குறைக்கும்போது இது இன்னும் நீளும்.

மலேசியச் சாலைகளில் 2016ஆம் ஆண்டில் 7,152 பேரும், 2019ஆம் ஆண்டில் 6,167 பேரும் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இந்த உண்மை தோட்டப்புறக் குடும்பங்களை நேரடியாகத் தொடுகிறது. அங்கே பிள்ளைகள் முதலில் ஓட்டக் கற்பது காரை அல்ல, மோட்டார் சைக்கிளை. அதுவும் பதினாறு வயதுக்கு வெகுமுன்பே, தோட்டத்துச் செம்மண் பாதையில், தந்தையோ மாமாவோ பின்னால் பிடித்துக்கொள்ளத் தொடங்கி, கடைக்குப் போய்வரும் வேலையாக வளர்ந்து, ஒருநாள் தலைக்கவசமின்றிப் பெரிய சாலைக்கு வந்துவிடுகிறது. உரிமம் இல்லாமல் ஓட்டுவது குற்றம். உரிமமற்றவரை ஓட்ட அனுமதிப்பதும் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ்க் குற்றம் என்பதால் வண்டியின் சொந்தக்காரரும் பொறுப்பாளியாகிறார். குறைந்த வருமானக் குடும்பத்தாருக்கு மோட்டார் சைக்கிள் உரிமத்தை இலவசமாக எடுத்துக்கொடுக்க அரசாங்கம் ‘மைலெசென்’ என்னும் திட்டத்தை நடத்திவந்திருக்கிறது; பணமில்லை என்பதற்காக உரிமமில்லாமல் ஓட்டும் நிலையிலுள்ள ஒவ்வொரு குடும்பமும் அதைப் பற்றி ஜேபிஜே அலுவலகத்திலோ பயிற்சிக் கழகத்திலோ கேட்டறியவேண்டும்.

இன்னொரு நோயையும் மறைக்காமல் பேசவேண்டியிருக்கிறது. கையூட்டுக் கொடுத்துத் தேர்ச்சி பெற்று வாங்கும் உரிமத்தைக் ‘காப்பி லைசென்ஸ்’ என்று மலேசியரெல்லாரும் அறிவார்கள். தேர்வுக்கே போகாமல் பெறுவது ‘லெசென் தெர்பாங்’, அதாவது பறக்கும் உரிமம் எனப்படுகிறது. மேட்டில் இரண்டு முறை தவறிய பிள்ளையின் கண்ணீரைப் பார்த்து மனமிளகி, யாரோ சொன்ன குறுக்கு வழிக்குப் பணத்தை நீட்டும் பெற்றோர் தம் பிள்ளைக்கு நன்மை செய்வதாகவே நம்புகிறார்கள். மேட்டில் காரை நிறுத்தத் தெரியாத பிள்ளைக்கு ஓட்டும் உரிமையை வாங்கிக்கொடுப்பது அந்தப் பிள்ளையின் உயிரோடும், எதிரே வரும் அயலாரின் உயிரோடும் விளையாடுவதாகும். இதில் எந்தச் சமாதானமும் ஏற்கத்தக்கதல்ல. தவறிய தேர்வை மீண்டும் எழுத வழியிருக்கிறது. இரண்டாம் முறைக்குச் செலவாகும் பணம் வீண்செலவல்ல.

இனி ‘பி’ அட்டைக் காலம். இந்த ஈராண்டை வெறும் காத்திருப்பாகக் கருதுவோரே மிகுதி. சட்டத்தின் நோக்கமோ, கற்றல் தொடர்ந்து நடக்கவேண்டும் என்பது. குற்றங்களுக்கு ஏற்பத் தண்டப் புள்ளிகளைச் சேர்க்கும் முறையில், முழு உரிமம் வைத்திருப்பவரைவிடப் புதியவரிடம் சட்டம் கடுமையாக நடந்துகொள்கிறது. பத்துப் புள்ளி சேர்ந்துவிட்டால் ‘பி’ உரிமம் இரத்தாகிவிடும். சிவப்பு விளக்கைக் கடப்பதற்கு நான்கு புள்ளி என்னும்போது, அந்தத் தவற்றை மூன்று முறை செய்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டியவராகிறார். ஆனால் தண்டனை மட்டும் கற்பிப்பதில்லை. 1987ஆம் ஆண்டிலேயே நியூசிலாந்து, புதிய வாகனமோட்டிகளுக்குப் படிப்படியாக உரிமை வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. தொடக்கக் கட்டத்தில் இரவு வெகுநேரத்தில் தனியே ஓட்டவும், நண்பர்களை ஏற்றிச்செல்லவும் அங்கே கட்டுப்பாடு உண்டு. இளையோர் விபத்துகள் எந்த நேரத்தில், யாரோடு செல்லும்போது மிகுதியாக நிகழ்கின்றனவோ அந்த நிலைமைகளைத் தள்ளிப்போடுவதே அதன் நுட்பம். பின்னர் ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் இதையொத்த முறைகள் பரவின. மலேசியாவின் ‘பி’ காலத்தில் அத்தகைய இரவுக் கட்டுப்பாடோ பயணிகள் கட்டுப்பாடோ இல்லை, இருந்தால் நன்று.

சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டிய அவசியம் குடும்பத்துக்கு இல்லை. பயிற்சிக் காலத்தில் பெற்றோர் பக்கத்தில் அமர்ந்து சாலையில் கற்றுக்கொடுக்கச் சட்டம் இடந்தராது. ‘பி’ உரிமம் கிடைத்த பிறகோ அதற்கு எந்தத் தடையும் இல்லை. தங்காக்கிலும், தங்காக்கைப் போன்ற எல்லாச் சிற்றூர்களிலும் உள்ள பெற்றோரிடம் வைக்கவேண்டிய வேண்டுகோள் இதுதான்: உரிமம் வந்த அன்றே சாவியைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். முதல் சில மாதங்கள் அருகில் அமருங்கள். மழையில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை, சிகாமட் சாலையில் லோரிக்குப் பின்னால் ஒருமுறை, சுங்கச் சாவடியைக் கடந்து நெடுஞ்சாலையில் ஒருமுறை என்று ஓட்டவிடுங்கள். அதட்டாமல், எதைப் பார்க்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். அதுவரை நண்பர்களை ஏற்றிக்கொண்டு இரவில் கிளம்புவதற்கு அனுமதி இல்லை என்பதைப் பிள்ளையிடம் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.